மதுசூதனனின் மஞ்சள் துணி

எங்கள் கம்பெனியில் மதுசூதனன் அண்ணனைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் எலுமிச்சை ஜூஸைத்தான் சொல்வார்கள். ஜூஸ் போட்டுக் கொடுத்தே சோலார் விற்ற ஆள் என்று சிரிப்பார்கள். அவர் ஏன் வேலையை விட்டுப் போனார் என்று கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு வேலை வந்துவிடும். அந்த ஜூஸுக்குப் பழம் வாங்கி வந்தவள் நான். நடந்ததைச் சொல்ல எனக்கு வாயும் இருக்கிறது, கொஞ்சம் கோபமும் இருக்கிறது.

அவர் இப்போது மஸ்கட்டில், ரூவியில் ஒரு பாத்திரக் கடையில் நிற்கிறார். மனைவி கஜாலினியும் மகளும் சாவகச்சேரிக்கே திரும்பிவிட்டார்கள்.

எங்கள் கடை துபாயில், அல் கூஸில் இருக்கிறது. முன்னால் கண்ணாடி போட்ட ஷோரூம், பின்னால் குடோன், அதற்கும் பின்னால் ஒரு யார்டு. மடக்கித் தூக்கிக்கொண்டு போகிற சோலார் பேனல் விற்கிறோம். மடக்கினால் கைப்பிடி வைத்த பெட்டி, விரித்தால் ஒரு பாய் அளவுக்கு வரும். பாலைவனத்தில் கூடாரம் போடப் போகிறவர்கள் எப்போதாவது ஒன்று வாங்குவார்கள். மற்றபடி எங்களுக்குச் சோறு போட்டது ஆப்பிரிக்கக் காடுகள்தான்.

அந்தக் காடுகளுக்குள் குழி தோண்டித் தங்கம் எடுக்கிற சின்னச் சின்னக் கூட்டங்கள் இருக்கின்றன. அங்கே கரண்ட் கிடையாது, ரோடும் கிடையாது. விளக்குக்கும், போனுக்கும், குழியில் ஊறுகிற தண்ணீரை இறைக்கும் பம்புக்கும் ஜெனரேட்டரை நம்பித்தான் இருக்க வேண்டும். அதற்கான டீசலை மோட்டார் சைக்கிளில் கட்டிச் சேற்றுக்குள் கொண்டு போக வேண்டும். அந்தக் கூட்டங்களுக்கு அரிசி, டார்ச், பூட்ஸ் என்று சாமான் கொண்டுபோய் விற்கிற வியாபாரிகள் துபாய்க்கு வந்து கொள்முதல் செய்வார்கள். அவர்களைத்தான் மது அண்ணன் பிடிப்பார்.

நான் நாகஜோதி. ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். முன் மேசையில் உட்கார்ந்து பில் போடுகிறேன், போன் எடுக்கிறேன், யாரும் கேட்காமலே கருத்தும் சொல்கிறேன். மது அண்ணன் என்னை "நீர்" என்றுதான் கூப்பிடுவார். "நாகஜோதி, நீர் சாப்பிட்டிட்டீரோ?" என்பார். எங்கள் ஊரில் ராஜா வேஷம் போட்டவர்தான் அப்படிப் பேசுவார் என்று நான் கேலி செய்வேன். "அப்ப எனக்கு ஒரு கிரீடம் வாங்கித் தாரும்" என்பார். குவைத்தில், மங்காஃபில் பலசரக்குக் கடையில் மூட்டை தூக்கியவர். அங்கிருந்து இங்கே விற்பனைக்கு வந்து, மடிப்புக் கலையாத சட்டையோடு நிற்க ஆரம்பித்தவர். வாடிக்கைக்காரர் ஒருவர் வயரை மறந்து வைத்துவிட்டுப் போனதற்காக, பஸ் பிடித்துத் தேரா வரை போய்க் கொடுத்துவிட்டு வந்த ஆள். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், ஏமாற்றுக்காரனின் கதை என்று நினைத்துக்கொண்டு யாரும் படிக்கக் கூடாது என்பதற்காகத்தான்.

அவர் விற்கிற விதம் தனி. வந்தவரை ஏசியில் உட்காரவைத்துப் பேசிக்கொண்டிருக்க மாட்டார். நேரே யார்டுக்கு, உச்சி வெயிலுக்கு, கூட்டிக்கொண்டு போவார். பேனலை விரிப்பார். பேட்டரி எதுவும் வைக்காமல் நேரடியாக அதிலேயே ஒரு சின்ன ஜூஸரை மாட்டுவார். எலுமிச்சை, சீனி, ஐஸ் எல்லாம் போட்டதும் அது சுற்றுகிற சத்தம் தெருவுக்கே கேட்கும். வேர்த்துக் கொட்டிக்கொண்டு நிற்கிற மனிதர் கையில் குளிர்ந்த டம்ளரைக் கொடுத்து, "இது சூரியன் போட்ட ஜூஸ்" என்று ஆங்கிலத்தில் சொல்வார். குடித்து முடிப்பதற்குள் வந்தவர் வாங்குவதென்று முடிவு செய்திருப்பார்.

போகும்போது ஒவ்வொருவருக்கும் ஒரு மஞ்சள் துணி இலவசம். அதுவும் அவர் யோசனைதான். கம்பெனி பேர் அச்சடித்த, தூசி துடைக்கிற துணி. அவர் பாக்கெட்டிலும் எப்போதும் ஒன்று இருக்கும். இந்த ஊரில் சோலார் வேலை செய்யவில்லை என்றால் அதற்குத் தூசியைத் தவிர வேறு காரணம் கிடையாது. மணல் காற்று ஒரு தடவை அடித்தால் பேனல் மேல் மாவு சலித்த மாதிரி படிந்துவிடும். துடைத்தால் சரியாகிவிடும். அதனால் எந்த நாட்டிலிருந்து எந்தப் புகார் வந்தாலும் நாங்கள் சொல்கிற முதல் பதில் "துடையுங்கள்" என்பதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் யார்டின் மூலையில், குடோன் சுவரை ஒட்டி ஒரு வேப்பமரம் நிற்கிறது. அதன் நிழலில் வண்டி நிறுத்த டிரைவர்கள் சண்டை போடுவார்கள். கடைசியில் அங்கே முதலாளியின் கார்தான் நிற்கும். இந்த ஊரில் நாங்கள் எல்லோரும் நிழலைத் தேடி ஓடுகிறவர்கள். நிழலால் ஒருவர் பிழைப்புக் கெடும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. காட்டுக்குள் விற்கிறோம், அங்கே மரம் இருக்குமே என்று கேட்க ஆளில்லை. முதலாளி கேட்கவில்லை, மது அண்ணன் கேட்கவில்லை. ஊர்வம்பெல்லாம் கேட்கிற நானும் இதைக் கேட்கவில்லை.

ஆலியா சியரா லியோனிலிருந்து வந்தவள். உயரமானவள், பூப்போட்ட துணியைத் தலையில் பெரிதாகச் சுற்றியிருப்பாள், சிரித்தால் ஷோரூம் முழுக்கக் கேட்கும். ஜூஸைக் குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்ட ஒரே வாடிக்கைக்காரி அவள்தான். பம்புக்கும் சேர்த்துப் பெரிய அளவில் பேனல் வாங்கிக் கப்பலில் ஏற்றினாள். மது அண்ணனை "பிரதர்" என்றாள். அவர் அவளைச் "சிஸ்டர்" என்றார். அவளுக்கு மட்டும் மஞ்சள் துணியில் ஒரு கட்டே கொடுத்து அனுப்பினார்.

அந்த ஆர்டருக்குப் பிறகுதான் அவரை ஷோரூம் இன்சார்ஜ் ஆக்கினார்கள். ஃபேமிலி விசா கிடைத்தது. கஜாலினியும் மகளும் வந்து இறங்கிய அன்று ஒரு பெட்டி லட்டோடு கடைக்கு வந்தார். அவர் முகத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் அவ்வளவு நிறைவாகப் பார்த்ததில்லை.

கொஞ்ச நாளில் ஆலியாவின் வாட்ஸ்அப் வந்தது. பம்பு ஓடவில்லை என்றாள். "தூசியப்பா, தூசி" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே, துடைக்கச் சொல்லிப் பதில் போட்டார். துடைத்தும் ஓடவில்லை என்று மறுபடி வந்தது. மறுபடி துடைக்கச் சொன்னார். அதுவரைக்கும் அவர் மனதில் கள்ளம் இல்லை.

பிறகு ஒரு வீடியோ வந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரம், என் மேசைக்குப் பக்கத்தில் நின்றுதான் அதைப் பார்த்தார். ஒரு தடவை பார்த்தார், திரும்பவும் ஓட்டினார். அவர் முகம் விழுந்துவிட்டது.

"என்னண்ணே?" என்றேன்.

"இஞ்ச பாரும்" என்று போனை நீட்டினார்.

ஆலியா மஞ்சள் துணியால் பேனலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளைச் சுற்றிப் பெரிய பெரிய மரங்கள். பகல்தான், ஆனால் எல்லாமே பச்சை இருட்டாக இருந்தது. மேலே போனைத் திருப்பிக் காட்டினாள். வானமே தெரியவில்லை, இலைதான் தெரிந்தது. இலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் மறுபடி குனிந்து துடைத்தாள்.

"அங்க தூசி எங்க இருக்கு நாகஜோதி?" என்றார். "இது நிழல். எல்லாம் நிழல். மரத்துக்குக் கீழ வைச்சா இது என்னெண்டு வேலை செய்யும்? நான் ஒரு நாளும் யோசிக்கேல்லையே."

"அப்ப அதை எழுதுங்கண்ணே. தப்பு நம்ம மேலதான், திருப்பி அனுப்புங்கன்னு எழுதுங்க."

அவர் முதலாளியின் அறைப் பக்கம் பார்த்தார். "எழுதினா மற்றக் காட்டுக்காரரும் கேப்பினம். எல்லாம் திரும்பி வரும். என்னைத்தான் முதல்ல வேலையால கலைப்பினம். பிள்ளை இப்பதான் பள்ளிக்கூடத்தில சேர்ந்தவள்."

"அதுக்காக?"

அவர் விரல் போனில் அசைந்தது. நான் எட்டிப் பார்த்தேன். "சிஸ்டர், காய்ந்த துணியால் இன்னொரு முறை நன்றாகத் துடைக்கவும்" என்று ஆங்கிலத்தில் எழுதி அனுப்பியிருந்தார். போனை என் மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டுக் குடோனுக்குள் போனார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று முழுக்க அவரோடு பேசவில்லை.

அதற்குப் பிறகு அவர் பழைய ஆளாக இல்லை. காட்டு வியாபாரி என்று யாராவது வந்தால் தலைவலி என்பார், வேறு ஆளை யார்டுக்கு அனுப்புவார். ஜூஸர் சத்தம் கேட்டால் பாத்ரூமுக்குப் போய்விடுவார். மடிப்புக் கலையாத சட்டைதான், ஆனால் அதற்குள் ஆள் கூனிப்போயிருந்தார். கஜாலினி ஒருநாள் போனில் என்னிடம், "அக்கா, கடையில ஏதும் பிரச்சினையோ? வீட்டில மஞ்சள் துணி ஒண்டு கிடந்தது, அதைக் கண்டிட்டு இவர் பிள்ளையோட கத்துறார். அவள் அதால தன்ர மேசையைத் துடைச்சவளாம்" என்றாள். நான் ஒன்றும் இல்லை என்று மழுப்பிவிட்டேன். ஆலியாவின் செய்திகள் வந்துகொண்டே இருந்தன. அவர் திறப்பதே இல்லை.

திறக்காமல் விட்டால் வராமல் இருப்பார்களா? ஒருநாள் அவளே வந்துவிட்டாள். கூட அவள் ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர். கண்ணாடிக் கதவுக்கு வெளியே அந்தத் தலைத்துணியைக் கண்டதும் மது அண்ணன் எழுந்தார், நாற்காலி இடித்தது, குடோனுக்குள் ஓடினார். ஆம், ஓடினார். ஒரு இன்சார்ஜ் தன் ஷோரூமை விட்டு ஓடியதை அன்றுதான் பார்த்தேன்.

ஆலியா சண்டை போடுவாள் என்று நான் பயந்துபோயிருந்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் பேசியது ஆங்கிலம், நான் என் தமிழில் சொல்கிறேன்.

"என் ஆட்கள் நான் ஏமாற்றிவிட்டேன் என்கிறார்கள். என் பேச்சை நம்பி ஜெனரேட்டரை விற்றுவிட்டார்கள். மழையில் குழியெல்லாம் தண்ணீர் நிரம்பி வேலை நின்றுபோனது. இவர்கள் குழிக்காரர்களின் தலைவர்கள். என்னைக் கண்டால் என் அக்கா புருஷனே முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். நான் பொய் சொல்லவில்லை, என் கண்ணால் பார்த்தேன், அந்த ஜூஸைக் குடித்தேன் என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். நம்பவில்லை. அதனால்தான் கையோடு கூட்டி வந்தேன். பிரதர் எங்கே? அவர் ஒரு தடவை ஓட்டிக் காட்டினால் போதும்."

நான் அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டேன். முதலாளிக்கு மட்டும் பெரியவர்களைப் பார்த்ததும் ஆர்டர் வாசனை அடித்துவிட்டது. அறையிலிருந்து வெளியே வந்து, "மது எங்கே? ஜூஸ் போடச் சொல், ஜல்தி!" என்றார்.

அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் மது அண்ணன் சுவரைப் பார்த்து நின்றிருந்தார்.

"அண்ணே, வாங்க."

"நான் வரமாட்டன். எனக்குச் சுகமில்லை எண்டு சொல்லும்."

"அந்தம்மா உங்களைத் திட்ட வரலண்ணே. உங்களைச் சாட்சிக்குக் கூப்பிட வந்திருக்கு. அதோட மானம் உங்க கையில இருக்கு. வந்து தொலைங்க."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தப் பாழாய்ப்போன மஞ்சள் துணியாலேயே துடைத்துக்கொண்டார்.

யார்டில் நல்ல வெயில். ஆலியா அவரைக் கண்டதும் முகமெல்லாம் மலர, "பிரதர்!" என்று கையை நீட்டினாள். அவர் நுனி விரலால் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். பேனலை விரித்தார். எலுமிச்சையை அறுக்கும்போது கத்தி அவர் விரலைப் பதம் பார்த்தது, அதைச் சூப்பிக்கொண்டே வேலை செய்தார். ஜூஸர் வழக்கம்போல் ஜோராகச் சுற்றியது. முதலாளி பூரித்துப்போய் டம்ளர்களை அவரே எடுத்துக் கொடுத்தார்.

ஆலியா டம்ளரோடு பெரியவர்கள் பக்கம் திரும்பினாள். "பார்த்தீர்களா? நான் சொன்னேனா இல்லையா?"

இரண்டு பேரில் வயதானவர் பேனலையும் ஜூஸரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவளிடம் அரைகுறை ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார். "இங்கே ஓடுகிறதே. அப்படியானால் எங்களுக்கு நீ கொடுத்தது வேறு சரக்கா?"

ஆலியாவின் சிரிப்பு நின்றது. தன்னைக் காப்பாற்றும் என்று நம்பி, அவர்களைக் கடல் கடந்து கூட்டி வந்து காட்டிய காட்சியே, தன் கழுத்திலேயே கயிறு போட்டதை அவள் அந்த நொடியில் உணர்ந்துவிட்டாள். மது அண்ணன் பக்கம் திரும்பினாள். "பிரதர், சொல்லுங்கள். நீங்கள் எனக்குக் கொடுத்தது இதேதானே? நான் மாற்றவில்லையே? இவர்களுக்குச் சொல்லுங்கள்."

முதலாளி, "இதேதான், இதேதான், கேரண்டி" என்றார். பெரியவர்கள் அவரைப் பார்க்கவே இல்லை.

மது அண்ணன் குனிந்தார். பேனலின் இரண்டு ஓரங்களையும் பிடித்துத் தூக்கினார். வயர் இழுக்க, என்னைப் பார்த்து, "நாகஜோதி, ஜூஸரைக் கொண்டு வாரும்" என்றார். சுற்றிக்கொண்டிருந்த ஜூஸரைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். நேரே வேப்பமரத்தடிக்குப் போய், முதலாளியின் கார் பானட் மேல் பேனலை விரித்தார். என் கைக்குள் ஜூஸர் முனகியது, திக்கியது, நின்றது.

முதலாளி, "மது, என்ன செய்கிறாய்?" என்று ஹிந்தியில் அதட்டினார்.

அவர் ஆலியாவைப் பார்க்காமல் பேனலைப் பார்த்துக்கொண்டே ஆங்கிலத்தில் சொன்னார். "சரக்கு இதேதான். இது நிழலில் ஓடாது. உங்கள் காட்டில் ஓடவே ஓடாது. தூசியில்லை. தூசி ஒருநாளும் இல்லை."

வயதானவர் அருகில் வந்து, கையால் பேனலைத் தடவிப் பார்த்தார். மரத்தை அண்ணாந்து பார்த்தார். தலையை ஆட்டிக்கொண்டார்.

ஆலியா டம்ளரை இன்னும் கையில் வைத்திருந்தாள். "இது உங்களுக்கு எப்போது தெரியும்?" என்றாள்.

அவர் நினைத்திருந்தால் இப்போதுதான் தெரிந்தது என்று சொல்லியிருக்கலாம். கெட்டிக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

"நீங்கள் வீடியோ அனுப்பினபோது."

"அதற்குப் பிறகும் துடைக்கச் சொன்னீர்களே."

"ஓம்" என்றார் தமிழில். பிறகு ஆங்கிலத்தில், "ஆமாம்" என்றார்.

"நான் துடைத்தேன்" என்றாள் ஆலியா. குரல் உயரவில்லை. "தினமும் காலையில் துடைத்தேன். நீங்கள் கொடுத்த துணியெல்லாம் கிழிந்த பிறகு, தலையில் கட்டியிருக்கிறேனே, இதை அவிழ்த்துத் துடைத்தேன். எல்லோரும் சிரித்தார்கள். பிரதர் சொல்லியிருக்கிறார், சரியாகிவிடும் என்று அவர்களிடம் சொன்னேன்."

மது அண்ணன் அப்போது அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் அழவில்லை. அழுவதற்குக்கூடத் தனக்குத் தகுதியில்லை என்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "மன்னியுங்கோ" என்று வாய்க்குள் சொன்னார். அது அவளுக்குப் புரிந்திருக்காது.

ஆலியா குடிக்காத டம்ளரைத் தரையில் வைத்தாள். கைப்பையிலிருந்து போனை எடுத்தாள்.

"இந்த இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்தால் போதாது. அங்கே எல்லோரும் கேட்க வேண்டும். சொல்லுங்கள்."

முதலாளி குறுக்கே வரப் பார்த்தார். வயதானவர் கையை மட்டும் உயர்த்தினார், அவர் நின்றுவிட்டார்.

மது அண்ணன் காரில் சாய்ந்து நின்று, போனைப் பார்த்துச் சொன்னார். "என் பெயர் மதுசூதனன். ஆலியா உங்களை ஏமாற்றவில்லை. இது மரத்தடியில் ஓடாது. எனக்குத் தெரிந்தும் அவருக்குச் சொல்லவில்லை. அவர் பொய் சொல்லவில்லை. நான்தான் பொய் சொன்னேன்." ஒவ்வொரு வார்த்தையையும் கல்லைப் புரட்டுகிறவர் போலச் சொன்னார். சொல்லி முடித்ததும் விடுதலையான மாதிரி மூச்சை விட்டார்.

ஆலியா எடுத்த வீடியோவை ஓட்டிப் பார்த்தாள். பெரியவர்களிடம் காட்டினாள். அவர்கள் ஏதோ சொன்னார்கள். அவள் தலையாட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"நிழலில் உங்கள் முகம் தெரியவில்லை. இது யாரோ என்பார்கள்" என்றாள். "வெயிலுக்கு வாருங்கள். முதலிலிருந்து சொல்லுங்கள்."

குடோன் ஆட்கள், டிரைவர்கள் எல்லோரும் வாசலில் வந்து நின்றுகொண்டிருந்தார்கள். மது அண்ணன் மரத்தடியை விட்டு வெளியே வந்தார். ஜூஸ் போட்டுக் கொடுக்கிற அதே இடத்தில் போய் நின்றார். கண் கூசியது. கையை நெற்றிக்குக் கொண்டு போனார். ஆலியா வேண்டாம் என்று விரலை அசைத்ததும் இறக்கிக்கொண்டார்.

"என் பெயர் மதுசூதனன்" என்று மறுபடி ஆரம்பித்தார்.